சேலத்தில் பழைய வீட்டுப் பொருட்களை இணையத்தில் விற்பதும் கொடுப்பதும்: முழுமையான வழிகாட்டி

இடத்தை அடைத்துக்கொண்டு நிற்கும் பீரோவையோ, புதியது வந்தபின் பால்கனிக்குப் போய்விட்ட வாஷிங் மெஷினையோ இணையத்தில் விற்க நினைப்பவர்கள் பெரும்பாலும் முதலில் தேடி எடுப்பது அதை வாங்கிய பில்லைத்தான். அதைவிட முக்கியமானது அதை ஏற்றிச் செல்லும் வண்டியின் வாடகை. அழகாபுரத்தில் இரண்டாவது மாடியில் இருக்கும் பீரோவைப் பார்க்கக் கொண்டலாம்பட்டியிலிருந்து ஒருவர் வருகிறார் என்றால், குட்டி யானை வாடகை, ஏற்றுகூலி, இறக்குகூலி, மாடிப்படிக்கென்று தனியாகக் கேட்கும் கூலி ஆகிய எல்லாவற்றையும் மனத்தில் கூட்டிக்கொண்டுதான் அவர் விலை கேட்பார். இந்தச் செலவு பொருளின் விலையில் மூன்றில் ஒரு பங்கைத் தாண்டினால் வியாபாரம் முடிவது அரிது என்பது என் கணிப்பு. எதை விற்பது, எதைச் சும்மா கொடுப்பது, எவ்வளவு தூரத்துக்கு விளம்பரத்தைக் கொண்டுசெல்வது என்ற கேள்விகளுக்கு இந்தக் கணக்கே பாதி விடையைத் தந்துவிடும்.

படி 1: பிரித்து வைத்தல்

ஒரு விடுமுறை நாளில் பரண், கட்டிலடி, மாடிப்படியின் கீழ்ப்புறம் ஆகிய இடங்களில் இருப்பவற்றை வெளியே எடுத்து ஒரே அறையில் பரப்பி வையுங்கள். வீட்டுப் பெரியவர்களையும் அப்போது உடன் வைத்துக்கொள்வது நல்லது. ஆள் வந்து வாசலில் நின்றபிறகு, “அது எங்கம்மா சீரா கொடுத்த அண்டாவாச்சே, யாரைக் கேட்டு எடுத்தே?” என்ற கேள்வி எழுந்தால் வாங்க வந்தவருக்கும் சங்கடம், வீட்டுக்குள்ளும் சண்டை.

வேலை செய்யும் நிலையிலுள்ள பிரிட்ஜ், எல்இடி டிவி, மரக்கட்டில், படிப்பு மேசை, சைக்கிள், தையல் மெஷின், குழந்தைகளின் தள்ளுவண்டி ஆகியவை இணையத்தில் நன்றாகவே விலை போகும். பித்தளை, செம்பு, எவர்சில்வர் பாத்திரங்களுக்கு இணையம் தேவையில்லை. பாத்திரக் கடையில் எடை போட்டு எடுத்துக்கொள்வார்கள், அல்லது புதுப் பாத்திரத்தின் விலையில் கழித்துக்கொள்வார்கள். இன்வெர்ட்டர் பேட்டரியும் அப்படியே. அதிலுள்ள ஈயத்துக்கு மதிப்பு இருப்பதால், புதிய பேட்டரி வாங்கும் கடையிலேயே பழையதைக் கொடுத்து விலையைக் குறைத்துக்கொள்வதுதான் பாதுகாப்பானது. குண்டு டிவிக்கு இப்போது வாங்குவோர் இல்லை. அதை விளம்பரம் செய்வது வீண் வேலை.

விற்கவே கூடாதவை சில உண்டு. சமையல் எரிவாயு சிலிண்டரும் ரெகுலேட்டரும் எண்ணெய் நிறுவனத்தின் சொத்து. இணைப்பு வேண்டாமென்றால் ஏஜென்சியில் ஒப்படைத்து வைப்புத்தொகையைத் திரும்பப் பெற வேண்டுமே தவிர, அடுப்போடு சேர்த்து விற்கக் கூடாது. 2006-க்குப் பிறகு வந்த அரசு வண்ணத் தொலைக்காட்சி, 2011-இல் தொடங்கிய திட்டத்தின் விலையில்லா மிக்ஸி, கிரைண்டர், மின்விசிறி, மாணவர்களுக்கான மடிக்கணினி ஆகியவை பயனாளிகளின் சொந்தப் பயன்பாட்டுக்கென்று அரசு முத்திரையோடு தரப்பட்டவை. அவற்றையும் விளம்பரத்தில் போடாதீர்கள். மீந்துபோன மருந்து மாத்திரைகள், ஒருமுறை அடிபட்ட ஹெல்மெட் ஆகியவற்றை இலவசமாகக்கூட யாருக்கும் தரக் கூடாது.

படி 2: சுத்தம் செய்து சோதித்தல்

மின்சாதனம் என்றால் வாங்க வருபவர் முன்னிலையில் ஓட்டிக் காட்டும் நிலையில் இருக்க வேண்டும். வாஷிங் மெஷினையும் கீசரையும் பார்க்க வருபவர்கள் நம் ஊரில் தவறாமல் கேட்கும் கேள்வி, “போர் தண்ணியா, காவிரித் தண்ணியா?” என்பதே. போர்வெல் தண்ணீரில் ஓடிய மெஷினின் டிரம் ஓரத்திலும், தண்ணீர் நுழையும் குழாயின் சல்லடையிலும் வெள்ளையாக உப்புப் படிந்திருக்கும். அந்தச் சல்லடையைக் குறட்டால் மெல்ல இழுத்து, வினிகரில் ஊறவைத்துக் கழுவித் திரும்பப் பொருத்துவதற்கு அரை மணி நேரம் போதும். ஆனால் அதைச் செய்த மெஷினில் தண்ணீர் வேகமாக நிரம்புவதைப் பார்ப்பவருக்கு வரும் நம்பிக்கை வேறு. கீசரின் காயிலில் உப்பு ஏறியிருந்தால் மாற்றிவிட்டு விற்பதைவிட, உள்ளதைச் சொல்லி விலையைக் குறைப்பதே லாபம்.

கைப்பேசியும் கணினியும் தனிக் கவனம் கேட்பவை. முதலில் படங்களையும் தொடர்பு எண்களையும் வேறிடத்தில் சேமியுங்கள். வங்கிச் செயலிகள், யுபிஐ செயலிகள், வாட்ஸ்அப் ஆகியவற்றிலிருந்து வெளியேறுங்கள். ஆண்ட்ராய்டு கைப்பேசியில் கூகுள் கணக்கை நீக்கியபிறகே ஃபேக்டரி ரீசெட் செய்ய வேண்டும். வரிசை மாறினால் வாங்கியவர் உங்கள் பழைய கடவுச்சொல் இல்லாமல் அதைத் திறக்க முடியாமல் உங்களையே திரும்பத் திரும்ப அழைப்பார். ஐபோனில் ஐகிளவுட் கணக்கிலிருந்து வெளியேறி, ‘ஃபைண்ட் மை’ வசதியை அணைக்க வேண்டும். சிம்மையும் மெமரி கார்டையும் எடுத்துவிடுங்கள். *#06# என்று அழுத்தினால் வரும் ஐஎம்இஐ எண்ணைக் குறித்து வைத்துக்கொண்டு, விற்ற நாள், வாங்கியவர் பெயர், அவருடைய கையெழுத்து ஆகியவற்றோடு ஒரு துண்டுச் சீட்டு எழுதி வாங்குங்கள். அந்தக் கைப்பேசி நாளை ஏதேனும் வழக்கில் சிக்கினால் உங்களிடம் இருக்கும் ஒரே சான்று அதுதான். பழைய கணினியில் கோப்புகளை அழித்தால் மட்டும் போதாது, மென்பொருள் கொண்டு மீட்டெடுக்க முடியும்; வரவுசெலவு, ஆதார் நகல் போன்றவை இருந்த ஹார்ட் டிஸ்க்கைக் கழற்றி வைத்துக்கொண்டு மீதியை விற்பது என்னைக் கேட்டால் சிறந்த வழி.

படி 3: படமும் வாசகமும்

காலை எட்டு மணிக்கு மேல் சன்னல் வெளிச்சத்தில், பின்னால் துணிக்கொடியோ குப்பையோ தெரியாதபடி படம் எடுங்கள். முழுப் பொருள், திறந்த நிலை, மாடல் எண் ஒட்டிய வில்லை, பிறகு குறை இருக்கும் இடம். கடைசியாகச் சொன்ன படத்தைத்தான் பலர் தவிர்க்கிறார்கள்; அதுவே வீண் வருகையைத் தடுக்கும் படம். பிரிட்ஜ் கதவின் ரப்பர் ஓரத்தில் கறுப்பு படிந்திருந்தால் விரலால் விரித்துப் பிடித்து எடுத்துப் போடுங்கள். அதைப் பார்த்த பிறகும் அழைப்பவர்தான் வாங்கப்போகிறவர். வாகன எண், வீட்டு எண், சுவரில் மாட்டிய குடும்பப் படம் ஆகியவை படத்துக்குள் விழக் கூடாது.

வாசகத்தைத் தமிழிலேயே எழுதலாம். சேலத்தில் வாங்குபவர்களில் பெரும்பாலோர் தமிழில்தான் பேசப்போகிறார்கள். ஆனால் மக்கள் தேடும்போது தட்டச்சு செய்யும் பொருளின் பெயரும் பிராண்டும் தலைப்பில் இருக்க வேண்டும். மாதிரிக்கு ஒன்று:

“டேபிள்டாப் கிரைண்டர், 2 லிட்டர், 2020-இல் வாங்கியது. கல் நல்ல நிலையில் உள்ளது, வாரம் இரண்டு முறை மாவு ஆட்டியது. பெல்ட் போன வருடம் மாற்றியது. மூடியில் ஓரத்தில் கீறல், படத்தில் உள்ளது. தேங்காய்த் துருவி இல்லை. பில் இல்லை. இடம்: அஸ்தம்பட்டி, தரைத்தளம், வாசலுக்கு வண்டி வரும். விலை 1,800. மாலை 5 முதல் 8 வரை பார்க்கலாம். ஆட்டிக் காட்டப்படும்.”

‘தரைத்தளம், வாசலுக்கு வண்டி வரும்’ என்ற சொற்களுக்கு உள்ள மதிப்பைக் குறைத்து எண்ண வேண்டாம். கட்டில், பீரோ, சோபா என்றால் நீளம், அகலம், உயரத்தை அடிக்கணக்கில் எழுதுங்கள். குகை, அம்மாபேட்டை போன்ற பழைய பகுதிகளில் சந்தும் வாசற்படியும் குறுகலாக இருப்பதால், மூன்றடி அகல சோபா உள்ளே நுழையுமா என்பதே அங்குள்ளவர்களின் முதற்கேள்வி.

படி 4: விலையும் காலமும்

ஓஎல்எக்ஸ், பேஸ்புக் மார்க்கெட்பிளேஸ் இரண்டிலும் சேலத்தை இடமாகக் குறித்து அதே பொருளைத் தேடிப் பாருங்கள். அங்கே தெரிவது கேட்கும் விலை, விற்ற விலை அன்று; பல வாரங்களாக அப்படியே கிடக்கும் விளம்பரத்தின் விலை கூடுதலானது என்று எடுத்துக்கொண்டு அதற்குக் கீழே உங்கள் விலையை வையுங்கள். அதே பொருளின் புதிய விலையையும் பாருங்கள். எக்ஸ்சேஞ்ச் சலுகையும் மாதத் தவணையும் சேர்ந்து புதியதே எளிதாகக் கிடைக்கும்போது பழையதற்குப் பாதி விலை கேட்பது நடவாது. பேரத்துக்கு நூற்றுக்குப் பத்து விட்டுவையுங்கள், அதற்கு மேல் ஏற்றி வைத்தால் அழைப்பே வராது.

காலம் விலையைப் போலவே முக்கியம். ஆடியிலும் மார்கழியிலும் நம் மக்கள் குடி மாறுவதில்லை. பலர் புரட்டாசியையும் தவிர்க்கிறார்கள். எனவே கட்டில், பீரோ, சாப்பாட்டு மேசை ஆகியவற்றுக்கு ஆவணியிலும் தையிலும் வரும் தேவை ஆடியில் வராது. மறுபக்கம், ஆடித் தள்ளுபடியில் புதியது வாங்கியவர்கள் எல்லாரும் பழையதை அப்போதே விற்க வருவதால் விலை மேலும் இறங்கும். இடம் இருந்தால் ஒரு மாதம் பொறுத்திருப்பது நல்லது. படிப்பு மேசை, மெத்தை, சிறிய பிரிட்ஜ் ஆகியவற்றைக் கல்லூரி திறக்கும் ஜூன், ஜூலையில் போடுங்கள். பெரியார் பல்கலைக்கழகமும் அரசு பொறியியல் கல்லூரியும் இருக்கும் கருப்பூர்ப் பக்கம் அறை எடுத்துத் தங்கும் மாணவர்களுக்கு அவை தேவை. பள்ளிப் புத்தகங்களில் மாநிலப் பாடத்திட்டம் 2018 முதல் மாறியதால் அதற்கு முந்தையவை எடைக்குத்தான் போகும். நீட், டிஎன்பிஎஸ்சி கையேடுகள் அண்மைப் பதிப்பாக இருந்தால் உடனே போகும்.

படி 5: எங்கே வெளியிடுவது

பெரிய பொருளுக்கு ஓஎல்எக்ஸும் மார்க்கெட்பிளேஸும் பொருத்தம். சிறியவற்றுக்கு அடுக்குமாடிக் குடியிருப்பு, தெரு, பள்ளிப் பெற்றோர் ஆகியோரின் வாட்ஸ்அப் குழுக்களே போதும். வண்டியே வேண்டியதில்லை என்பதால் ஐந்நூறு ரூபாய்ப் பொருளும் அங்கே விலை போகும். குழுவில் விற்பனைக்கு அனுமதி உண்டா என்று அட்மினைக் கேட்டுவிட்டுப் போடுங்கள். எல்லா இடத்திலும் ஒரே நாளில் போடுவதைவிட, முதல் மூன்று நாள் தெரிந்தவர்களின் குழு, பிறகு பொதுத் தளம் என்ற வரிசை நல்லது. விளம்பரத்தில் பேட்டையின் பெயர் மட்டும் இருக்கட்டும். கதவு எண்ணை வருவது உறுதியானவருக்கு மட்டும் சொல்லுங்கள்.

படி 6: பேச்சும் பேரமும்

முதல் செய்தி பெரும்பாலும் “லாஸ்ட் எவ்ளோங்க?” என்றே வரும். பொருளைப் பார்க்காதவருக்குக் கடைசி விலை சொல்லாதீர்கள். “நேர்ல வந்து பாருங்க, பிடிச்சிருந்தா பேசிக்கலாங்க” என்பதே போதுமான பதில். முன்பணம் தராத யாருக்காகவும் இரண்டு நாளுக்கு மேல் பொருளை நிறுத்தி வைக்க வேண்டாம். செவ்வாய், வெள்ளியில் வீட்டுப் பொருளை வெளியே கொடுக்கக் கூடாது என்று நினைக்கும் பெரியவர்கள் உங்கள் வீட்டில் இருந்தால், எடுத்துச்செல்லும் நாளைக் குறிக்கும்போதே அதைச் சொல்லிவிடுங்கள். கைப்பேசி, கேமரா போன்ற சிறியவற்றைப் பகல் நேரத்தில் புதிய பேருந்து நிலையம், ஐந்து ரோடு போன்ற ஆள் நடமாட்டமுள்ள இடத்தில் கைமாற்றலாம். வீட்டுக்கு ஆள் வரும்போது தனியாக இருக்காமல் பக்கத்து வீட்டு அண்ணனையோ அக்காவையோ கூப்பிட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

படி 7: பணம் வாங்குதல்

இணைய விற்பனையில் ஏமாற்றப்படுபவர் வாங்குபவர் மட்டுமல்லர். விற்பவரும் அந்த அளவுக்கு ஏமாற்றப்படுகிறார். வழக்கமான நாடகம் இப்படி நடக்கும். விளம்பரம் போட்ட சிறிது நேரத்தில் ஒருவர் அழைத்து, தான் இராணுவத்திலோ துணை இராணுவப் படையிலோ பணியாற்றுவதாகவும், இப்போதுதான் இந்த ஊருக்கு மாற்றலாகி வந்திருப்பதாகவும் சொல்வார். விலையைப் பற்றி ஒரு வார்த்தை பேச மாட்டார். பொருளைப் பார்க்கவும் வர மாட்டார். சீருடைப் படமும் அடையாள அட்டையும் வாட்ஸ்அப்பில் வரும். பணத்தை இப்போதே அனுப்புவதாகச் சொல்லி ஒரு கியூஆர் குறியீட்டை அனுப்பி, அதை ஸ்கேன் செய்து பின் எண்ணைப் போட்டால் பணம் உங்கள் கணக்கில் ஏறும் என்பார். நம்பிக்கை வருவதற்காக முதலில் ஐந்து ரூபாய் உண்மையாகவே வந்து சேரும். அடுத்த குறியீட்டில் உங்கள் பணம் போய்விடும்.

யுபிஐயில் பணம் பெறுவதற்கு ஸ்கேன் செய்ய வேண்டியதில்லை, பின் எண்ணும் வேண்டியதில்லை. பின் எண் கேட்கப்பட்டாலே பணம் உங்கள் கணக்கை விட்டு வெளியேறுகிறது என்று பொருள். தனிநபர்கள் ஒருவரிடம் ஒருவர் பணம் கேட்டு அனுப்பும் ‘கலெக்ட்’ கோரிக்கையை 2025 அக்டோபர் முதல் நிறுத்துமாறு யுபிஐயை நடத்தும் என்பிசிஐ அறிவித்தது. ஆனாலும் கியூஆர் வழி திறந்தே இருக்கிறது; கூரியர் முன்பதிவு என்று வரும் இணைப்புகளும், நிறுவச் சொல்லும் செயலிகளும் புதிதாகச் சேர்ந்துள்ளன. இன்னொரு வகையில், 4,500-க்குப் பதிலாக 45,000 அனுப்பிவிட்டதாகப் போலிக் குறுஞ்செய்தி வரும். அவசரமாக மருத்துவமனையில் இருப்பதாகவும் மீதியைத் திருப்பி அனுப்புமாறும் கெஞ்சுவார்கள். எதிரில் காட்டப்படும் ஸ்கிரீன்ஷாட்டையோ வந்த குறுஞ்செய்தியையோ நம்பாமல், உங்கள் வங்கிச் செயலியைத் திறந்து இருப்பைப் பார்த்த பிறகே பொருளை வண்டியில் ஏற்ற விடுங்கள். ரொக்கமாக வாங்குவதில் இன்றும் ஒரு குறையும் இல்லை.

பணம் போய்விட்டால் அடுத்த நிமிடமே 1930 என்ற தேசிய சைபர் குற்ற உதவி எண்ணை அழைக்க வேண்டும். பணம் ஒரு கணக்கிலிருந்து அடுத்த கணக்குக்கு மாறுவதற்குள் சொன்னால்தான் அதை முடக்கி வைக்க வாய்ப்பு உண்டு. பரிவர்த்தனை எண், அழைத்தவரின் எண், உரையாடல் ஆகியவற்றை அழிக்காமல் வைத்திருங்கள்.

படி 8: ஏற்றுதல், குறிப்பாக மலைக்கு

வண்டி யார் பொறுப்பு, கூலி யார் பொறுப்பு என்பதை விலை பேசும்போதே முடித்துவிடுங்கள். பிரிட்ஜை முதல் நாளே அணைத்துப் பனியை உருகவிட்டு, நிற்கவைத்த நிலையிலேயே ஏற்ற வேண்டும். இறக்கியபின் சில மணி நேரம் கழித்தே மின்சாரம் கொடுக்கும்படி வாங்குபவரிடம் சொல்லுங்கள். கட்டிலைக் கழற்றினால் போல்ட்டுகளை ஒரு கவரில் போட்டுத் தலைமாட்டுப் பலகையின் பின்புறம் ஒட்டிவிடுங்கள். முன்பக்கம் கதவு வைத்த வாஷிங் மெஷினுக்கு, வாங்கியபோது டிரம்மைப் பூட்டியிருந்த டிரான்சிட் போல்ட்டுகள் இருந்தால் திரும்ப மாட்டிவிட வேண்டும். சமதளத்தில் இதை அலட்சியம் செய்தாலும் தப்பிக்கலாம். ஏற்காட்டுக்குப் போகும் 20 கொண்டை ஊசி வளைவுகளில் பூட்டாத டிரம் ஆடி, அதைத் தாங்கும் ஸ்பிரிங்குகளைப் பதம் பார்த்துவிடும்.

ஏற்காட்டிலிருந்து விற்பவர்களுக்கு மூன்றில் ஒரு பங்குக் கணக்கு இன்னும் கடுமையானது. கீழேயிருந்து ஒரு நாற்காலிக்காக யாரும் மலையேற மாட்டார்கள். ஆகவே சிறிய பொருளைச் சேலத்துக்கு இறங்கும் நாளில் அடிவாரத்திலோ அஸ்தம்பட்டியிலோ தருவதாக விளம்பரத்திலேயே எழுதுங்கள். பெரியதை மேலே குடியிருப்பவர்களுக்கும் எஸ்டேட் குடும்பங்களுக்கும் மட்டும் விளம்பரம் செய்யுங்கள். பொருளின் தன்மையும் பார்க்க வேண்டும். ஏர்கூலருக்கு மேலே தேவையில்லை, ரூம் ஹீட்டருக்குக் கீழே தேவையில்லை. மலை ஈரத்தில் இருந்த மெத்தை, புத்தகம், ஒட்டுப்பலகை அலமாரி ஆகியவற்றில் பூஞ்சை ஏறியிருக்கும். அதை மறைத்து விற்காதீர்கள், வாசனையே சொல்லிவிடும். பழைய மர அஞ்சறைப்பெட்டி, உரல், பித்தளைக் குடம் போன்றவற்றுக்கு ஹோம்ஸ்டே நடத்துபவர்களிடம் அலங்காரத் தேவை உண்டு என்பதால் கீழேயிருந்து மேலே போகக்கூடிய சில பொருட்களும் இருக்கின்றன. கோடை விழா நடக்கும் மே மாத வார இறுதிகளில் சரக்கு வண்டியோடு மலையேற வேண்டாம். வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் பாதையின் நிலையைக் கேட்டுக்கொண்டு கிளம்புங்கள். 2024 டிசம்பர் தொடக்கத்தில் ஃபெஞ்சல் புயல் மழையில் மண் சரிந்து இந்தப் பாதையில் போக்குவரத்தே நின்றது.

படி 9: விலையில்லாமல் கொடுத்தல்

வண்டிக் கணக்கில் தேறாத பொருளைக் கொடுத்துவிடுவதே அறிவு. இதற்கென்றே அமைந்த இணைய இயக்கங்கள் உண்டு: அமெரிக்காவின் டூசான் நகரில் 2003-இல் தொடங்கிய ஃப்ரீசைக்கிள், 2013-இல் வாஷிங்டன் மாநிலத்தில் தொடங்கிய ‘பை நத்திங்’ ஆகியவை. எதற்கும் விலை கேட்கக் கூடாது என்பதே இரண்டிலும் அடிப்படை விதி. அந்த விதியை மட்டும் எடுத்துக்கொண்டு உங்கள் தெருவுக்கோ குடியிருப்புக்கோ ஒரு வாட்ஸ்அப் குழு தொடங்கலாம். பொதுத் தளத்தில் ‘இலவசம்’ என்று போட்டால், வாங்கி மறுவிற்பனை செய்பவர்களின் அழைப்பே குவியும். முதலில் கேட்டவருக்கே என்று இல்லாமல், ஒரு நாள் பொறுத்து, யாருக்குத் தேவை அதிகமோ அவருக்குக் கொடுப்பது நியாயம் என்று நினைக்கிறேன்.

சக்கர நாற்காலி, வாக்கர், நீர்ப்படுக்கை, மடக்குக் கட்டில் ஆகியவற்றை மட்டும் எடைக்குப் போடாதீர்கள். வீட்டில் ஒரு பெரியவர் மறைந்தபின் அவற்றைக் கண்முன் வைத்திருக்க மனமில்லாமல் பலர் முதல் வாரமே பழைய இரும்புக் கடைக்கு அனுப்பிவிடுகிறார்கள். அதே வாரத்தில், மருத்துவமனையிலிருந்து எலும்பு முறிவோடு வீடு திரும்பும் ஒருவருக்காக அவருடைய பிள்ளைகள் அதையே தேடிக்கொண்டிருப்பார்கள். உறவினர் குழுவில் ஒரு வரி எழுதினால் பெரும்பாலும் அன்றைக்கே ஆள் கிடைத்துவிடும். துணி என்றால் துவைத்து மடித்து, கிழிந்ததைத் தனியே பிரித்துக் கொடுங்கள். முதியோர் இல்லத்துக்கோ நூலகத்துக்கோ கொண்டுபோகும் முன் தொலைபேசியில் கேட்டுக்கொள்ளுங்கள். தேவையில்லாததை இறக்கிவிட்டு வந்தால் அதை அப்புறப்படுத்தும் செலவு அவர்கள் தலையில் விழும். வாங்கிக்கொள்பவரை நிறுத்திப் படமெடுப்பது வேண்டாம்.

படி 10: மிச்சமானவை

மூன்று வாரம் ஆகியும் போகாத பொருளுக்கு விலையை ஒருமுறை பாதியாக்கிப் பாருங்கள், பிறகு கொடுப்பவற்றோடு சேர்த்துவிடுங்கள். அங்கும் ஆள் வராத இரும்பு, பிளாஸ்டிக், காகிதம் ஆகியவற்றைப் பழைய இரும்புக் கடையில் போடலாம். தராசில் நிற்கும் எடையை நீங்களும் பாருங்கள். குண்டு டிவி, பழுதான கணினி, சார்ஜர் போன்ற மின்கழிவை அங்கே தரவும் வேண்டாம், போகியன்று எரிக்கவும் வேண்டாம். படக்குழாயின் கண்ணாடியில் ஈயம் இருக்கிறது. 2023 ஏப்ரல் முதல் நடைமுறையில் உள்ள மின்கழிவு விதிகளின்படி மறுசுழற்சிக்கான பொறுப்பு தயாரிப்பு நிறுவனங்களைச் சேர்ந்தது என்பதால், அந்த நிறுவனத்தின் வாடிக்கையாளர் சேவை எண்ணில் சேகரிப்பு வசதியைக் கேளுங்கள். பொருள் கைமாறிய அன்றே எல்லாத் தளங்களிலும் விளம்பரத்தை நீக்கிவிடுங்கள். பழைய மொபெட்டோ ஸ்கூட்டரோ விற்றிருந்தால் படிவம் 29, 30 இரண்டிலும் கையெழுத்திட்டு, 14 நாட்களுக்குள் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்துக்கு உரிமை மாற்றத்தைத் தெரிவித்து, ஆர்சி புத்தகம் வாங்கியவர் பெயருக்கு மாறிவிட்டதா என்பதை நீங்களே மத்திய அரசின் வாகனப் பதிவுத் தளமான பரிவாஹனில் சரிபாருங்கள். அதுவரை அந்த வண்டிக்கு விழும் அபராதம் உங்கள் பெயருக்கே வரும்.